கண் மூடாத பிள்ளை

"ஷெறின், கண்ணை மூடு!"

ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, சுஜீதன் போனைப் பார்த்து அதட்டினான்.

கெல்லிவில் புறநகரில் கட்டி முடியாத ஒரு வீடு. வெறும் பெயின்ற் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தான். பத்தரை மணிக்கு வேலையில் கால்மணி நேர இடைவேளை. அப்போது வவுனியாவில் காலை ஆறு. மகள் பள்ளிக்கூடம் புறப்படுமுன் மூன்று பேரும் வீடியோவில் சேர்ந்து ஜெபம் பண்ணுவார்கள். அந்தக் கால்மணி நேரம்தான் அவனுக்குக் குடும்பம்.

இந்த நாட்டுக்கு அகதியாய்ப் படகில் வந்தவன். வரும்போது ஷெறினுக்கு எட்டு மாதம். இப்போது பதின்மூன்று வயது. கையில் இருப்பது தற்காலிக விசா. ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது. மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடவும் முடியாது.

அன்றைக்கு மாடியில் யாரோ பலகையைத் தடாலென்று போட, ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்துவிட்டான். மனைவி மேனுகா கண்ணை மூடிக் கைகூப்பி இருந்தாள். மகள் மட்டும் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

"சொறி அப்பா," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவனே ஜெபத்தின் நடுவில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். அதே பார்வை. இமைகூடத் தட்டவில்லை.

"மேனுகா, இவள் இண்டைக்கும் கண்ணை மூடேல்லை!"

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் மேனுகா.

அவனுக்குக் கோபம்தான் வந்தது.

மற்ற நேரமெல்லாம் இந்தப் பிள்ளை அவனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அடுக்கிக்கொண்டு, கேட்டதற்கு "ஓம் அப்பா", "இல்லை அப்பா". பெத்த தகப்பனோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் மனமில்லை. ஆண்டவருக்கு முன்னால் பயமும் இல்லை.

கூட வேலை செய்யும் சிறிதரன் அண்ணையிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டான். அவர் தமிழ் ஜெபக்கூட்டத்தில் மூப்பர்.

"தகப்பன் பக்கத்தில இல்லாத பிள்ளையள் இப்பிடித்தான் தம்பி. நீ கண்டிக்காட்டி ஆர் கண்டிக்கிறது? போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான் இந்தக் காலத்துப் பிள்ளையளின்ரை வியாதி. வீடியோவை நிப்பாட்டு."

அது சரியாகத்தான் பட்டது.

"நாளையிலயிருந்து வீடியோ இல்லை. குரல் மட்டும்தான். ஜெபத்தில கவனம் வரட்டும்," என்று சொல்லிவிட்டான்.

ஷெறின் புத்தகப்பையை எடுத்துக்கொண்டாள். மேனுகாதான், "வேண்டாமப்பா, பாவம்," என்றாள். அவன் கேட்கவில்லை.

நான்கு நாள் குரல் மட்டும் வந்தது. வசனம் சொன்னாள். ஆமென் சொன்னாள். பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு தூரிகையை எடுக்கக் கை போகவில்லை. மகளின் தலைப்பின்னலையாவது பார்த்திருக்கலாம் என்று இருந்தது. சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

ஐந்தாம் நாள் மேனுகா மட்டும்தான் பேசினாள்.

"ஷெறின் வரமாட்டாளாம்."

"என்ன? ஜெபத்துக்கு வரமாட்டாளாமோ?"

"ஜெபம் நான் தனியப் பண்ணிட்டன் எண்டு சொல்லுறாள். நாலு நாளா ஒழுங்காச் சாப்பிடவும் இல்லை."

சுஜீதன் வாளியிலிருந்து எழுந்தான். "போனை அவளிட்டைக் குடுங்கோ!"

போன் கை மாறியது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஷெறின், அப்பா வேண்டாமோ? கர்த்தரும் வேண்டாமோ?"

"ரெண்டு பேரும் வேணும் அப்பா."

"அப்ப ஏன் ஜெபத்தில கண்ணை மூடமாட்டன் எண்டு நிண்டனீ? அந்த நேரம் என்னத்தைப் பாத்துக்கொண்டிருந்தனீ?"

"உங்களைத்தான்."

அவனுக்கு விளங்கவில்லை. "அதுக்கு ஜெப நேரம்தானோ கிடைச்சுது? மற்ற நேரம் நான் முன்னாலதானே இருக்கிறன்? நிமிந்து பாக்கிறதுக்கு என்ன?"

"நீங்கள் என்னைப் பாக்கேக்க நான் உங்களைப் பாத்தா எனக்கு அழுகை வந்திடும் அப்பா. நான் அழுதா நீங்களும் அழுவியள். என்ரை பிறந்தநாளுக்கு அப்பிடித்தானே நடந்தது? அண்டைக்கு நீங்கள் வேலைக்கும் போகேல்லையாம், சாப்பிடவும் இல்லையாம். அம்மா அன்ரியிட்டைச் சொல்லேக்க கேட்டனான். அதுதான் நீங்கள் கண்ணை மூடினாப் பிறகு பாக்கிறனான்."

சுஜீதன் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

வீடியோவை அழுத்தினான். திரையில் மேனுகா. பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு குனிந்த ஒரு தலை.

"இப்ப ஜெபம் பண்ணுவம் செல்லம்," என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

முகத்துக்கு நேரே போனை அசையாமல் பிடித்தான். தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னான். மனைவிக்காக, மகளுக்காக, அகதியாய் அலைகிற எல்லாருக்காகவும் ஜெபித்தான். கீழேயிருந்து சிறிதரன் அண்ணை, "நேரம் முடிஞ்சுது, வா தம்பி!" என்று இரண்டு தரம் கூப்பிட்டார்.

சொல்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கண்ணைத் திறக்காமல், ஆமென் சொல்லாமல், அப்படியே இருந்தான்.