இரண்டு நிமிடத் தாமதம்

ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்களை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர், ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. பஸ்ஸுக்கு வெளியே நின்ற கண்டக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்து டிரிப் ஷீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

'போட்டுக் கொடுக்கிறான் பாவி!' டிரைவர் மனதுக்குள் திட்டினார்.

ஆறு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி. ஆனால் ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் கும்பிடுவார். ஏறினவர்கள் நல்லபடியாக இறங்க வேண்டும் என்பதுதானே வேண்டுதல், காலி வண்டியில் யாருக்காக வேண்டுவது? அதில் தினமும் இரண்டு நிமிடம் போய்விடும்.

இத்தனை வருடம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது கிளம்பும் நேரத்தைப் பதிவு செய்கிற கருவியை வண்டியில் மாட்டிவிட்டார்கள். தாமதமானால் என்ன காரணம் என்று கண்டக்டர் டிரிப் ஷீட்டில் எழுதியாக வேண்டும். டிரைவர் மேல் ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வந்து வாய்த்த கண்டக்டரோ சரியான நாத்திகன். இந்த வண்டிக்கு வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டான்.

"பதினஞ்சு வருஷமா டிக்கெட் போடறேன் அண்ணே. உங்க கடவுள் ஒரு நாள்கூட என் வண்டியில ஏறினதில்ல."

"அவரு ஏறினா உனக்குத் தெரிஞ்சுடுமாக்கும்?"

"டிக்கெட் வாங்காம ஏறினா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்று சிரித்தான்.

அதோடு விட்டானா? அவர் கும்பிட்டு முடிக்கும்வரை பஸ் படியில் கால்கூட வைக்க மாட்டான். மழை கொட்டினாலும் நனைந்துகொண்டு வெளியேதான் நிற்பான். பக்தி ஒட்டிக்கொள்ளும் என்று பயமோ என்னவோ!

அன்றைக்கு ஒரு பயணி பொறுமை இழந்து கத்தினார். "நேரமாச்சே, வண்டிய எடுங்கப்பா!"

"நானே இன்னும் ஏறல, வண்டி எப்படிங்க போகும்?" கீழேயிருந்து குரல் கொடுத்தான் கண்டக்டர்.

வண்டி முழுக்கச் சிரித்தது. டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்டல் வேறா!

கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் கையை நீட்டினார். "தம்பி, அந்த ஷீட்டக் கொஞ்சம் குடு. பார்த்துட்டுத் தரேன்."

"அதுல என்னண்ணே இருக்கு?" என்று அவசரமாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டான். மடியில் கனம் இல்லாதவன் எதற்கு மறைக்கிறான்?

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். 'வந்துடுச்சுடா ஆப்பு' என்று நினைத்துக்கொண்டே டிரைவர் உள்ளே போனார். மேஜைமேல் நாற்பது நாள் டிரிப் ஷீட்டுகள். சுவரோரமாகக் கண்டக்டர்.

"தினமும் ரெண்டு நிமிஷம் லேட். எதனாலன்னு உங்களுக்கே தெரியும்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

கண்டக்டர் அவசரமாகத் தலையை ஆட்டினான். பேசாதீங்க என்பதுபோல் கண்ணைக் காட்டினான்.

"செய்யறதையும் செஞ்சுட்டுக் கண்ண வேற காட்டறியா?" டிரைவர் வெடித்துவிட்டார். "ஆமா சார், கும்பிடறேன்! ஆளுங்க ஏறினப்புறம் ரெண்டு நிமிஷம் சாமி கும்பிட்டுத்தான் வண்டிய எடுப்பேன். இவனுக்கு சாமின்னாலே ஆகாது. அதான் நாப்பது நாளா ஒளிஞ்சு நின்னு எழுதிக் குடுத்திருக்கான்!"

கண்டக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

மேனேஜர் ஷீட்டுகளை டிரைவர் பக்கம் மெதுவாகத் திருப்பினார். காரணம் என்ற இடத்தில் நாற்பதிலும் ஒரே வரி: 'கண்டக்டராகிய நான் வண்டியில் ஏறத் தாமதம்.' கீழே அவன் கையெழுத்து.

"இவர் மேல நடவடிக்கை எடுக்க ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்னுதான் உங்களக் கூப்பிட்டேன்" என்ற மேனேஜர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சாமி கும்பிடறதே, இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."