நம்ம வீட்டு ஆட்டம்

"நல்லாப் பாத்துச் சொல்லு, இது யாரு?"

வஸ்ஃபி தன் மனைவி இப்திஸாமின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டினார்.

தலைநகரிலிருந்து வந்து யாரோ ஒரு பெண் எடுத்துக்கொண்டு போன நடனப் படம். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிகள், நடுவே முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, பூவேலை செய்த பெண்கள் அங்கியில் ஓர் உருவம் ஆடுகிறது. மாடி நம்ம ஊர் மாடிதான் என்று எவனோ கண்டுபிடித்துவிட்டான். ஆடியது யாரென்று தெரியும்வரை இனி இர்பித் ஊருக்கே சோறு இறங்காது.

வஸ்ஃபி படத்தை முழுசாகப் பார்த்திருந்தார். அசிங்கம்தான் என்று உறுதி செய்துகொள்ள இன்னும் பலமுறை பார்த்திருந்தார். இருந்தும் அடையாளம் தெரியவில்லை. எந்த ஆம்பளைக்கும் தெரியாது. கல்யாணங்களில் பெண்கள் ஆடுவது தனிக் கூடத்தில். வாசலிலேயே போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். எவள் எப்படி ஆடுவாள் என்பது பெண்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

இப்திஸாம் பார்த்தாள். இடது தோள் முதலில் லேசாகக் குலுங்க, இடுப்பு கொஞ்சம் தாமதித்து அதன் பின்னால் போனது.

"ஐயோ, இது நம்ம ஃபிர்யால் ஆட்டமாச்சே!"

வாய் தவறி வந்துவிட்டது. ஃபிர்யால் வஸ்ஃபியின் தம்பி மனைவி. புருஷன் போய்ச் சேர்ந்து, அவளும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருப்பது மைசூன் என்ற மகளும் நவ்ராஸ் என்ற மகனும்.

"செத்தவ எப்படிடி வந்து ஆடுவா?"

"அப்ப அவ மகதான். வேற யாருக்கு அந்தத் தோள் வரும்?"

அன்று மாலையே இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். மைசூன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹைதம், அவளே ஆசைப்பட்டு, அழுது அடம்பிடித்து எல்லோரையும் சம்மதிக்கவைத்த பையன்.

கதவைத் திறந்த நவ்ராஸ், பெரியப்பா கையிலிருந்த போனைப் பார்த்ததும் வெளிறிப்போனான். அக்கா மானம் போனால் எந்தத் தம்பிதான் தாங்குவான்?

"இதுக்கு என்ன சொல்றே?" வஸ்ஃபி போனை மைசூன் முன்னால் போட்டார்.

"பெரியப்பா, அது வந்து..." நவ்ராஸ் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா!" மைசூன் எழுந்தாள். "நான்தான் பெரியப்பா. நான்தான் ஆடினேன்."

"எவ்வளவு திமிரா சொல்றா பாருங்க!" என்றாள் இப்திஸாம். "அம்மா போனதுலேர்ந்து கல்யாணத்துல கூப்பிட்டாக்கூட ஆடமாட்டேன்னு ஓரமா உக்காந்துக்குவா. மாடியில ஆட மட்டும் காலு வருதாக்கும்!"

"முகத்தை மூடிக்கிட்டுத்தானே ஆடினேன் பெரியம்மா..."

"வாயை மூடு!" வஸ்ஃபி நவ்ராஸ் பக்கம் திரும்பினார். "என்னடா மரமாட்டம் நிக்கிறே? இந்த வீட்டுல நீ ஒருத்தன்தானே ஆம்பளை? ஆம்பளைன்னா அடிடா அவளை!"

நவ்ராஸ் அசையவில்லை.

"நீ அடிக்கிறியா, நான் அடிக்கட்டுமா? நான் அடிச்சா எலும்பு மிஞ்சாது, சொல்லிட்டேன்!"

மைசூன் தம்பியின் எதிரே வந்து நின்றாள்.

"அடிடா."

அடித்தான். கீரைத் தட்டு கவிழ்ந்தது. அவளுக்கு உதடு கிழிந்தது.

"இப்பதான்டா நீ என் தம்பி மகன்!" வஸ்ஃபி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் ஹைதமின் அம்மா வந்தாள். கசப்புக் காப்பி கொடுத்தார்கள். கோப்பையைத் தொடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டதைத் தருகிறோம் என்று சொல்லும்வரை வந்தவர் காப்பியைக் குடிக்கமாட்டார், அது எங்கள் வழக்கம். பெண் கேட்டு வந்தபோதும் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை போட்ட நகையைத் திருப்பிக் கேட்டாள்.

"ஹைதம் என்ன சொன்னார் அத்தை?" மைசூன் கேட்டாள்.

"அவன் என்னத்தைச் சொல்வான்? ஊரே பாத்த பொண்ணு அவனுக்கு எதுக்கும்மா?"

மைசூன் வளையலைக் கழற்றினாள். மோதிரம் லேசில் வரவில்லை, சோப்புப் போட்டுக் கழற்றினாள். அந்தம்மா எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

பிறகு வஸ்ஃபி தீர்ப்பு சொன்னார். மைசூன் இனி வாசல் தாண்டக் கூடாது. பள்ளிக்கூட வேலையும் வேண்டாம், போனும் வேண்டாம். மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்க" என்று சாவியை நவ்ராஸ் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நவ்ராஸ் சமையலறைக்கு வந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"ஏன்க்கா என்னைச் சொல்லவிடல?"

"பொண்ணு ஆடினான்னா கல்யாணம் போச்சு, வேலை போச்சு, அதோட விட்டுடுவாங்க. ஆம்பளை பொம்பளை அங்கியைப் போட்டுக்கிட்டு ஆடினான்னு தெரிஞ்சா, உன்னைப் பொதைச்சுட்டுத்தான் சாப்பிட உக்காருவாங்க."

"சின்னப் புள்ளையில கல்யாணத்துல பொம்பளைங்க கூடத்துல அம்மா மடியில உக்காந்து பாத்தது, அக்கா. உடம்பை விட்டுப் போகமாட்டேங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா இனிமே மாட்டேன். அம்மா கபர் மேல சத்தியமா இனிமே ஆடவேமாட்டேன்க்கா."

மைசூன் கிழிந்த உதட்டைத் துணியால் அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அப்ப நான் எதுக்குடா அடி வாங்கினேன்?"