நீலப் பாகற்காய்

வீட்டுக்கு வந்திருந்த அப்பாதுரையின் கை அந்த டிவிடி பெட்டியை எடுத்தபோது, ஹஃபீசா சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.



டிவிக்குக் கீழே மகள் கல்யாண டிவிடி இருந்தது, ஹஜ் பயண விளக்க டிவிடி இருந்தது, மிக்ஸியோடு இலவசமாக வந்த சமையல் டிவிடிகூட இருந்தது. இத்தனையையும் விட்டுவிட்டு அந்த மனிதர் கை போயும் போயும் இதன் மேலேயா விழ வேண்டும்?

அட்டையில் இரண்டு பாகற்காய். மேலே கொட்டை எழுத்தில் 'சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு முறைகள் – பாகம் 2'.

உள்ளே இருப்பது ஹஃபீசா. ஆடுகிறாள்.

மகளுக்கு மருதாணி வைத்த அன்று, கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் பாடிக்கொண்டிருந்தபோது, யாரோ கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். ஐம்பது வயதில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஆடிய ஆட்டத்தை மருமகள் ஃபாயிசா கேமராவில் பிடித்துவிட்டாள்.

பெண்கள் பக்கம் எடுத்த படம் பெண்கள் கையை விட்டுப் போகக்கூடாது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தக் குடும்பங்களில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. அதனால் ஃபாயிசா மற்றவர்களையெல்லாம் வெட்டிவிட்டு, மாமியாரின் ஆட்டத்தை மட்டும் தனி டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தாள்.

அதை அழித்துவிட ஹஃபீசாவுக்கு மனம் வரவில்லை. அதில் ஆடுகிறவளை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் பாட்சா கண்ணில் பட்டால் தொலைந்தது. திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவர், கல்யாணத்தில் பாட்டுக் கச்சேரி கூடாது என்று சம்பந்தியோடு மல்லுக்கு நின்றவர். இதைப் பார்த்தால் டிஸ்க்கை இரண்டாக உடைத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

பீரோவில் ஒளித்தால் தேடிப் பிடித்துவிடுவார், கண்ணெதிரே வைத்தால் சீந்தமாட்டார் என்று கணக்குப் போட்டது ஃபாயிசா. பாட்சாவுக்குச் சர்க்கரை. உணவு முறை என்று யாராவது ஆரம்பித்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு பாகற்காயை எடுத்து ஸ்கேனர் கண்ணாடி மேல் படுக்க வைத்தாள். முதல் பிரிண்ட் சுருங்கி வந்து, அண்ணனுக்குத் தம்பி சட்டையை மாட்டியதுபோல் பெட்டிக்குப் போதாமல் நின்றது. இரண்டாவது அளவாக வந்தது. ஆனால் அதற்குள் மஞ்சள் மை தீர்ந்துபோய், பச்சைப் பாகற்காய் நீலமாக வந்து விழுந்தது. மாமா இதையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறார் என்று இருவரும் சிரித்துக்கொண்டே வெட்டி, பெட்டியின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவிட்டார்கள். 'பாகம் 2' என்று போட்டதும் ஃபாயிசாவின் மூளைதான். முதல் பாகம் பார்க்காதவன் இரண்டாம் பாகத்தை எடுப்பானா?

திட்டம் பலித்தது. பாட்சா அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ராஜகீழ்ப்பாக்கத்தில் மகள் வீட்டுக்குக் கிளம்பினால்கூட, உடம்பு அசதி என்று தனியாக வீட்டில் படுத்துக்கொள்கிற மனிதர். அவராவது டிவி பார்ப்பதாவது.

இப்போது, பக்கத்துப் பட்டறைக்கார அப்பாதுரை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த பாட்சாவிடம் கேட்டார்.

"இன்னா பாய், பாவக்கா நீலமா கீது? எனக்கும் சுகர்தான். குடு, பாத்துட்டுத் தரேன்."

ஹஃபீசா அவசரமாகச் சாக்குத் தேடினாள். டிஸ்க்கில் கீறல் என்று சொல்லலாம். இரவல் வாங்கி வந்தது என்று சொல்லலாம். பின்னால் நின்ற ஃபாயிசா அவள் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

அதற்குள் பாட்சா எழுந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர் அவ்வளவு விருட்டென்று எழுந்து ஹஃபீசா பார்த்ததே இல்லை. பெட்டியைக் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இத மட்டும் கேக்காத அப்பாதுரை. வாரா வாரம் நானே போட்டுப் பாக்கறது."

"அப்டியா? சுகர் கொறஞ்சிச்சா பாய்?"

பாட்சா மடியிலிருந்த பெட்டியை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"உடம்புக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஹஃபீசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னமாய்ப் புளுகுகிறார்! ஒரு குண்டூசியைக்கூட யாருக்கும் இரவல் தராத கணவரின் குணத்தை அன்றுதான் முதல் முறையாக மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் அப்பாதுரைக்கு இன்னொரு டம்ளர் டீயும் கொடுத்தாள், சர்க்கரை போடாமல்.

அப்பாதுரை கிளம்பியதும், பாட்சா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

பிரிண்டருக்குப் போடும் மஞ்சள் மை.

"பாவக்காய பச்சையா போட்டுடும்மா. நீலமா இருந்தா வர்றவன் போறவன் எல்லாம் எடுத்துப் பாக்கறான்."

ஃபாயிசா மாமியாரைப் பார்த்தாள். ஹஃபீசா தரையைப் பார்த்தாள். காது இரண்டும் சுட்டன.

பாட்சா பெட்டியை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு, வாசலில் போய்ச் செருப்பை மாட்டினார். படி இறங்கியவர் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"ஆமா, முதல் பாகத்த எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"