தட்டிவிட்டு உள்ளே போ

"கதவைத் தட்டினா கோழியா வந்து திறக்கப்போகுது, பெரியம்மா?"

இவளுடைய மகள் சின்னவளாக இருந்தபோது கேட்ட கேள்வி அது. பெரியம்மா சிரிக்கவில்லை.

"திறக்காதுடா கண்ணு. ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கும். திடீர்னு நுழைஞ்சா மிரண்டுபோய் ஒண்ணுமேல ஒண்ணு ஏறும். அடியில மாட்டினது மூச்சு முட்டிச் செத்துடும், பாவம்."

பெரியம்மா என்றால் இவளுடைய கூடப்பிறந்த அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவள். தகரக் கதவில் இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதுதான் அக்காவின் தட்டல். அதைப் பார்த்துத்தான் இவளும் பழகினாள்.

தட்டினால், உள்ளே ஓயாமல் நடக்கும் பேச்சு சட்டென்று அடங்கும். ஒரு மூச்சு நேரம். பிறகு, 'நீதானா' என்பதுபோல மறுபடி தொடங்கும்.

இன்று காலையும் தன் கொட்டகைக் கதவைத் தட்டினாள்.

அடங்குவதற்கு உள்ளே பேச்சே இல்லை.

திறந்தாள். சுவரோரம் வெள்ளையாக ஒரு குவியல். நின்றவை தலையைத் தொங்கப்போட்டு நின்றன. கொண்டைகள் நாவற்பழமாகக் கறுத்திருந்தன. கண்ணைச் சுற்றி வீக்கம். தீவனம் போட்டது போட்டபடி கிடந்தது.

நேற்றே சில முட்டைகள் ஓடில்லாமல், வெறும் தோலோடு கிடந்தன. வெயில் என்று நினைத்தாள். வெயிலாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

இது என்னவென்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் கொட்டகைக்கு வந்தது இதே பறவைக் காய்ச்சல்தான்.

அக்கா அன்றைக்கே கால்நடைத் துறை ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து, ஒன்று விடாமல் குழியில் போட்டார்கள். அதோடு போகவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்கச் சந்தையை மூடினார்கள், வண்டிகளை நிறுத்தினார்கள். இவளுடைய முட்டைகள் அடுக்கியபடியே அழுகின.

இவள் அக்கா வீட்டு வாசலில் நின்று கேட்டாள்: "உன் வீடு எரிஞ்சா ஊரையே இழுத்துப் போட்டுக் கொளுத்தணுமா?"

அக்கா எதுவும் சொல்லவில்லை. அதன்பிறகு பேச்சு இல்லை. அக்கா இறந்துபோய்விட்டாள் என்று செய்தி வந்த அன்றுகூட, கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆளில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வெளியே ஹாரன் அடித்தது.

முட்டை ஓய்ந்த கோழிகளை ஏற்றிப்போக லாரியை இன்று வரச் சொன்னது இவள்தான். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். டிரைவர் பழைய ஆள். இவள் முகத்தைப் பார்த்தார். காற்றை ஒரு முறை மோந்தார்.

"நிக்கிறதை மட்டும் ஏத்திவிடு தங்கச்சி. செத்தது வெயில்ல செத்துச்சு. கோழி என்ன, வாயைத் திறந்து சொல்லவா போகுது?"

இவளுக்கு இருப்பது இந்த ஒரு கொட்டகைதான். மகள் வெளியூரில் படிப்பது இதை நம்பித்தான். ஒரு வார்த்தை சொன்னால் மாலைக்குள் இது வெறும் தகரம்.

கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. எதற்கென்று தெரியாமல் கேட்டாள்.

"இங்கேருந்து எங்கண்ணே போவீங்க?"

"பாலத்தடியில. புதுசா ஒரு புருஷன் பொண்டாட்டி பண்ணை ஆரம்பிச்சிருக்காங்கல்ல, அங்கதான்."

சொல்லிவிட்டு அவர் ஒரு மாதிரியாக நிறுத்தினார்.

"உங்கக்காவும் அன்னிக்கு இதையேதான் கேட்டாங்க. இப்படியே, கதவுல கையை வெச்சுக்கிட்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். அடுத்தது உங்க தங்கச்சி பண்ணைக்குன்னு. உடனே அவங்க போனை எடுத்துட்டாங்க."

இவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

கால்நடை மருத்துவர் போனை உடனே எடுத்தார். கதவைச் சாத்துங்கள், இனி உள்ளே போகாதீர்கள், செத்ததைத் தொடாதீர்கள், கையைக் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நாங்கள் வரும்வரை வண்டியையும் நகர விடாதீர்கள் என்றார்.

வண்டியைப் பற்றிச் சொன்னதும் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க குடும்பமே இப்படித்தானா?" என்றார். ஆனாலும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பாலத்தடிக்காரர்கள் மாலைக்குள் வந்துவிடுவார்கள். அவர்கள் வண்டிகளும் நிற்கும், அவர்கள் முட்டைகளும் தேங்கும். என்ன கேட்பார்கள் என்று இவளுக்குத் தெரியும். அந்த வார்த்தைகள் இவள் வாயிலிருந்து ஏற்கெனவே வந்தவைதான்.

அக்கா பதில் சொல்லவில்லை. இவளும் சொல்லப்போவதில்லை.

கடவுளே, அந்தப் பாலத்தடிப் பிள்ளைகளின் பண்ணைக்கு மட்டும் தொற்றாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டே கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே போகக் கூடாது. போகப்போவதும் இல்லை.

இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

உள்ளே அதே அமைதி.

திரும்ப இருந்தவள் நின்றாள். தகரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, கீழே, மெல்ல, டொக், டொக்.

கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

உயிர் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு கோழி தகரத்தைக் கொத்தியிருக்கும்.

இவள் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"நான்தான்க்கா."