கோதுமை ஆகாத விருந்தாளி

“மேஜருக்குக் கோதுமை ஆகாதாம்!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்து சொன்னார் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். முகமெல்லாம் சிரிப்பு.

“பாவம். அதுக்கு ஏன் இப்படிப் பல்லைக் காட்டுறீங்க?” என்றாள் அவர் மனைவி.

“கோதுமை ஆகாதுன்னா மைதாவும் ஆகாது. மைதா ஆகாதுன்னா?”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “கேக் கிடையாது!”

“கிடையவே கிடையாது! இப்பதான் வாட்ச்மேன் சொன்னார். கொடியேத்த வர்ற சிறப்பு விருந்தினரை வெச்சுக்கிட்டு, நீங்க மட்டும் சாப்பிடாதீங்கன்னா சொல்ல முடியும்?”

முப்பத்தாறு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில், ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் கொடியேற்றி முடித்ததும் மூன்றாம் மாடி டீச்சரின் கேக் வரும். கொடியின் மூன்று நிறத்தில், பார்க்க அவ்வளவு அழகு. வாயில் போட்டால்தான் வம்பு. போன வருடம் பொருளாளரின் கடைவாய்ப்பல் ஒன்று அதோடு போயிற்று.

ஆனால் டீச்சரிடம் யார் சொல்வது? யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர். செயலாளரின் மனைவி பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தபோது, நாலு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியை விட்டு நகரவில்லை. அவர் மனத்தை நோகடிக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. “பிரமாதம் டீச்சர்! உங்க கேக் இல்லாம கொடியே ஏறாது!” என்று புகழ்ந்துவிட்டு, துண்டைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு நழுவிவிடுவார்கள். பதினோரு வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“நீயே போய்ப் பக்குவமாச் சொல்லிடேன்.”

“ஆமா, இக்கட்டான வேலைன்னா மட்டும் என் ஞாபகம் வந்துடும். ரெண்டு பேருமா போவோம், வாங்க.”

விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் லேசாகக் குலுங்கின. செயலாளரின் மனைவி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களுக்கும் வருத்தம்தான் டீச்சர். உங்க கேக் இல்லாம ஒரு விழாவா?” என்றார் செயலாளர், வாய் கூசாமல்.

டீச்சர் திரும்பியபோது கண்கள் ஈரமாக இருந்தன. “பரவாயில்லைப்பா. வர்றவருக்கு ஒத்துக்காததைக் கொடுக்கலாமா? பழத்துலயே ஏதாவது செஞ்சுடலாம். நானும் கூட வர்றேன்.”

விழா அன்று காலை ஆறு மணிக்கே செயலாளரின் சாப்பாட்டு மேஜை முழுக்கக் கண்ணாடிக் கிண்ணங்கள்.

“அடியில கொஞ்சம் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டா நல்லா இருக்குமே?” என்றார் செயலாளர்.

“பிஸ்கட் என்ன மரத்துலயா காய்க்குது? அதுவும் மைதாதாங்க!” என்று அதட்டினாள் மனைவி.

“பாதாமையும் பேரீச்சம்பழத்தையும் மிக்ஸியில ஒரு சுத்து சுத்தி, அதை அடியில அழுத்துங்க. மொறுமொறுன்னு இருக்கும்” என்றார் டீச்சர்.

அதன் மேல் பச்சைத் திராட்சை, நடுவில் தண்ணீர் வடித்துத் தேன் கலந்த கெட்டித் தயிர், உச்சியில் பப்பாளித் துண்டுகள். அடுப்பே பற்றவைக்காமல் ஒரு மணி நேரத்தில் நூறு கிண்ணங்களில் கொடி தயார். டீச்சர் ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். எவ்வளவு பெரிய மனசு என்று செயலாளரின் மனைவி உருகிப்போனாள்.

கொடி ஏறியது. மேஜர் சுருக்கமாகப் பேசி எல்லோரையும் காப்பாற்றினார். கிண்ணங்கள் வந்தன. அந்த வருடம்தான் முதல்முறையாக யாரும் கைக்குட்டையைத் தேடவில்லை. பிள்ளைகள் இரண்டாவது கிண்ணத்துக்கு வரிசையில் நின்றார்கள். பொருளாளர் மிச்சமிருந்த பற்களால் ரசித்து மென்றார்.

செயலாளரின் மனைவிக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தியது. டீச்சரைத் தேடிக்கொண்டு வாசல் பக்கம் போனாள். கணவரும் கூடவே வந்தார். அங்கே காருக்காகக் காத்திருந்த மேஜர், வாட்ச்மேனோடு பெஞ்சில் உட்கார்ந்து, அவருடைய பன்னில் பாதியைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவரை வழியனுப்ப டீச்சரும் நின்றிருந்தார்.

“ஐயையோ, சாப்பிடாதீங்க சார்! அது மைதா!”

“இருக்கட்டுமேம்மா. எனக்குக் கல்லைக் கொடுத்தாலும் செரிக்கும்.”

“உங்களுக்குக் கோதுமையே ஆகாதுன்னு...?”

“யார் சொன்னது? நான் தினமும் காலையில சாப்பிடுறதே ரொட்டிதான்!”

கார் வந்தது. மேஜர் பன்னை முடித்துவிட்டுக் கிளம்பினார். மனைவி கணவரை முறைத்தாள்.

“என்னை ஏன் பார்க்குற? சத்தியமா எனக்கு வாட்ச்மேன்தான் சொன்னார்!”

“எனக்கென்ன சார் தெரியும்?” என்றார் வாட்ச்மேன். “எனக்கு டீச்சரம்மாதான் சொன்னாங்க.”

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செயலாளரின் மனைவியைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. பதினோரு வருஷமா அந்தக் கேக்கைச் செஞ்சு செஞ்சு எனக்கே வெறுத்துப்போச்சு. ஆனா நீங்கல்லாம் அதை அவ்வளவு ஆசையாச் சாப்பிடுறீங்களே, முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”