முன் செயின்

"முன் செயின் புதுசு மாதிரியே இருக்கு. முன்னால உக்கார்றவரு மிதிக்கிறதே இல்லையாக்கா?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

பின் செயினை விரலால் தூக்கிக் காட்டினார். தேய்ந்து தொளதொளவென்று ஆடியது. அது நான் மிதிப்பது.

எங்களுடையது இருவர் ஓட்டும் சைக்கிள். முன்னால் சாய்வு நாற்காலி மாதிரி ஒரு சீட். என் கணவர் அதில் சாய்ந்து, காலை நீட்டி, எதிரே இருக்கும் பெடலை மிதிப்பார். பின்னால் உயரமான சீட்டில் நான். ஹேண்டில்பாரும் பிரேக்கும் என் கையில்.

முன்னால் இருப்பவர் களைத்துவிட்டால் பெடலை அழுத்தாமலே இருக்கலாம். வண்டி அதுபாட்டுக்குப் போகும்.

என் கணவர் கடைக்கு வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். முட்டி இழுக்கிறதாம், முன் பெடலை இரண்டு விரல் கிட்டே வைக்க வேண்டுமாம்.

வாராவாரம் இதே கதைதான். வீட்டில் நானே திருகைத் தளர்த்தும் அலன் கீயோடு தரையில் மண்டியிடுவேன். வியர்த்த காலுறையோடு அவர் பாதத்தை மடியில் வாங்கி, முட்டி சரியாக மடங்குகிறதா என்று அளந்து பார்ப்பேன்.

மிதிக்காத காலுக்கு.

கிளம்பினோம்.

அவருடைய உச்சந்தலை என் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருந்தது. வியர்வையில் சாயம் கரைந்து காதோரம் கறுப்பாக வழிந்தது. நேற்றுவரை அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டவள்தான் நான். இன்று கைக்குட்டையை எடுக்கவில்லை.

மேடு வந்தது.

"அழுத்து, அழுத்து, இன்னும் கொஞ்சம்தான்," என்று மூச்சிரைக்க ஆரம்பித்தார்.

வண்டி ஓடும்போது முதல் முறையாக அவர் கால்களைப் பார்த்தேன். பாதங்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கெண்டைச் சதை மட்டும் இறுகவே இல்லை. ஈரத்துணி போலத் தொங்கி ஆடியது.

எதிரே நடந்து வந்த வயதான தம்பதி எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். என் கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் மிதிப்பதை நிறுத்தினேன்.

வண்டி தயங்கி, நின்றது. பின்னால் உருளாமல் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினேன்.

அவர் இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். வண்டி நின்ற பிறகும்.

பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "என்ன, நீயும் நிறுத்திட்டியா?"

அந்த 'நீயும்' வாயிலிருந்து விழுந்தது அவருக்கே தெரியவில்லை.

"இறங்குங்க," என்றேன்.

நான் களைத்துவிட்டேன் என்று நினைத்து, சிரித்தபடி இறங்கினார். காலி சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு நான் மிதித்து ஏறினேன். பின்னாலிருந்து என்னவோ கூப்பிட்டுச் சொன்னார். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலே வக்கீல் அலுவலகம் திறந்திருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் விவாகரத்துக்கு மனுப் போட்டவள் நான். 'ஆறு மாசம் ஒரே வண்டியில சேர்ந்து போய்ப் பாப்போம், அப்புறம் உன் இஷ்டம்' என்று கெஞ்சி இந்த சைக்கிளை வாங்கி வந்தவர் அவர்.

அன்றோடு கெடு முடிந்தது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக, நான்தான் அவரை அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தேன்.