மூன்றாவது கேஸ்

"மூணாவது கேஸ் போட்ட அம்மா யாருங்க? அவங்களைப் பார்க்கணும்."

பழக்கூடையோடு வாசலில் நின்ற பெண்மணி இப்படிக் கேட்டதும், அலுவலகத்தில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலோர மேசையைக் காட்டினார்கள். நீராவிக் குழாய்கள் எந்த நிலைமையில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவது அந்த மேசைக்காரியின் வேலை. ஒவ்வொரு நிலைமைக்கும் 'லோடு கேஸ்' என்று பேர். எந்நேரமும் கேஸும் கையுமாக இருப்பதால் அவளை 'வக்கீலம்மா' ஆக்கிவிட்டார்கள்.

வந்தவள் உட்காரும் முன்பே வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் ஆலையில் பாய்லரின் சேஃப்டி வால்வு திறந்துகொண்டதாம். நீராவி சீறிய வேகத்தில் குழாய் துள்ளியதாம். புதிதாக வைத்த தாங்கி மட்டும் இல்லாவிட்டால் அப்படியே பெயர்ந்து விழுந்திருக்கும் என்று அங்கே எல்லாரும் பேசிக்கொண்டார்களாம்.

"அதுக்கு நேர் கீழ நின்னது என் வீட்டுக்காரர். ஒரு கீறல் இல்லாம வீடு வந்து சேர்ந்தார். நீங்க நல்லா இருக்கணும்மா."

கணக்குப் போட்டவளைத் தேடி நன்றி சொல்ல இதுவரை யாரும் வந்ததில்லை.

அப்படி என்னதான் செய்தீர்கள் என்று வந்தவள் கேட்கவும், பாய்லர் ஆபரேட்டரின் மனைவிக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான் என்று வக்கீலம்மா பொறுமையாக விளக்கினாள். முதல் கேஸ், குழாயின் எடையும் உள்ளழுத்தமும். இரண்டாவது, சூட்டில் குழாய் நீள்வது. மூன்றாவது, வால்வு திறக்கும்போது குழாய்மேல் விழும் உதை. ரசாயன ஆலைக் குழாய்களுக்கான விதிப் புத்தகம் இந்த உதை விஷயத்தில் கொஞ்சம் தாராளம். அதன்படி தாங்கி தேவையில்லை. பாய்லர் குழாய்களுக்கான புத்தகமோ கறார். அதன்படி பார்த்தால் குழாய் தேறவில்லை; தாங்கி வைத்தே ஆக வேண்டும்.

"சொன்ன உடனே ஒத்துக்கிட்டாங்களா?"

"எங்க? உங்க ஆலை மேனேஜர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டார். தாராளமான புத்தகத்தையே வச்சுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னார்."

வேலை தாமதமாகிறது என்று அவர் போனில் கத்தியதையும், வீம்புக்காரி என்று திட்டியதையும், இவளை மாற்றச் சொல்லி இந்த அலுவலக முதலாளியிடமே போனதையும் சொன்னாள். வந்தவள் தலை குனிந்தபடி ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள்.

"அழுதீங்களாம்மா?"

"அழுதேன். ஆனா கேஸை வாபஸ் வாங்கலை."

"நல்லவேளை" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அவள்.

வக்கீலம்மா பேச்சை மாற்றினாள். "அதை விடுங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, அது போதும். ஆபரேட்டர் சாரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"கூட்டிட்டுத்தான் வந்தேன். கீழ கார்ல உட்கார்ந்திருக்கார். உங்க முகத்துல முழிக்க வெட்கமா இருக்காம்." அவள் பழக்கூடையை மேசைமேல் வைத்தாள். "அவர் ஆபரேட்டர் இல்லைம்மா. அந்த மேனேஜர்."